மஞ்சள் துணியில் முடிந்த காசு

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைத் தோட்டங்களில் அடைமழை பிடித்தால் முதலில் நின்றுபோவது சம்பளம். இறப்பர் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாமல் பட்டையோடு வழிந்து வீணாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலைச்சரிவு இது. சீதாவக்க ஆறு கலங்கி ஓடும் நாட்களில் கடையில் கடன் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டவுனுக்குக் கொண்டுபோக வண்டியும் கிடைக்காது.

அப்படியான ஒரு ராத்திரியில் தாய் ஒரு காசை எடுத்துக் கழுவுவாள். கிழிந்த சேலைத் துண்டொன்றை மஞ்சளில் நனைத்து, காசை அதற்குள் வைத்து இறுக்கி முடிவாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, "தாயே, பிள்ளைக்குச் சொகமாகட்டும். திருவிழாவுக்கு நான் தீச்சட்டி எடுக்கிறேன்" என்பாள். அவ்வளவுதான் வேண்டுதல்.

திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கலாம். அந்த எட்டு மாதத்தையும் பிள்ளையோடு கடந்துவிடுவோம் என்று அவள் அந்த முடிச்சிலேயே தீர்மானித்துவிடுகிறாள். கடவுளை நம்புவதற்கும் நாளையை எதிர்பார்ப்பதற்கும் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைத்தான் தமிழில் சொல்கிறோம். அது ஏன் என்பதை லயக்காமராவின் சாமி மாடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் வேலையே புதுத் தெய்வங்களைத் தந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிடக் கவ்வாத்துச் சாமி. தொழிற்சாலையின் பெரிய ரோதை பழுதில்லாமல் சுற்ற ரோதமுனி. ஆபத்து இருந்த இடத்திலெல்லாம் ஒரு துணையை நிறுத்திக்கொண்டார்கள்.

மனிதர்கள் அந்த அளவுக்குக்கூடத் துணை நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். நாடற்றிருந்த எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளிலெல்லாம், எந்த நாட்டுப் பதிவிலும் பெயரில்லாத ஒருவருக்குக் கோயில் வரிக் கணக்கில் பெயர் இருந்தது. திருவிழா நாளில் காளாஞ்சி வாங்கத் தன் பெயர் கூப்பிடப்படும் என்று அவர் நம்பி நிற்கலாம். இதைச் சின்ன விஷயமாக எண்ண முடியாது.

சாமியைக் கும்பிட்டுக் கும்பிட்டே இந்த மக்கள் அடங்கிப்போனார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இதே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டம் அவர்களுக்குப் பதில் சொல்லும். 1946இல் அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் அசையவில்லை, சுற்றியிருந்த தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. லயத்தை விட்டுப் போக மறுத்த ஒரு தொழிலாளியை அத்துமீறல் குற்றவாளி என்று நீதிமன்றம் தண்டித்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யாரையும் தொந்தரவு செய்வது அவருடைய நோக்கமல்ல, குடியிருந்த இடத்தில் தொடர்ந்து இருப்பதே நோக்கம் என்று கண்டு, 1950இல் அந்தத் தண்டனை ரத்தானது. 'வேலும் மயிலும் துணை' என்று வாசலில் எழுதி வைக்கிற சனம்தான் இப்படி ஊன்றி நின்றது.

ஆனால் இன்னொரு கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியது. அந்த வீடுகளிலும் சாமி படம் இருந்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும். அப்போது தெய்வம் எங்கே போயிருந்தது?

'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லி அந்தத் தாய்மாரின் வாயை அடைப்பது பாவம். தமிழ்ப் பக்தியும் அப்படி அடைக்கச் சொல்லவில்லை. பார்வை போன சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் சண்டை பிடித்தார். வன்தொண்டர் என்ற பேரோடு அவரை நாயன்மார் வரிசையில் வைத்துக்கொண்டது சைவம். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு கடவுளிடம் நியாயம் கேட்டதை விவிலியம் மறைக்கவில்லை. "ஒனக்குக் கண்ணில்லையா தாயே?" என்று மண்ணை வாரித் தூற்றி அழும் தோட்டத்துப் பெண்ணும் அதே வழியில் வந்தவள்தான். கேட்க ஆளில்லை என்று முடிவு கட்டியவர்கள் ஏசுவதில்லை. அவள் ஏசுகிறாள். அவளுடைய நம்பிக்கை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நம்பிக்கையைக் காட்டி, சரிவில் இருக்கும் லயங்களை மாற்றாமல் காலம் கடத்துவதற்கு யாருக்கும் உரிமையில்லை. காணியும் காப்பான வீடும் சாமியிடம் கேட்க வேண்டியவை அல்ல. அவற்றுக்கு அரசும் தோட்ட நிர்வாகமும்தான் பொறுப்பு.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், வெளியேறு என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, அம்மன் படத்தையும் அந்த மஞ்சள் முடிச்சையும் கையில் எடுத்துக்கொண்டு, காட்டித் தரும் பாதுகாப்பான இடத்துக்கு அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.