காளான் சாறும் அடுத்தவர் கண்ணும்

சமையல் காளானின் சாறு கண்ணுக்கு நிவாரணம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம்புகிறோம். அதற்காக, மழைக்குப் பின் வேலியோரம் முளைத்த காளானைப் பிழிந்து ஒருவர் கண்ணில் விடலாமா?

நபியவர்கள் சொன்ன சொல் 'கம்ஆ'. அது குடை விரிக்காது, தண்டும் கிடையாது. பாலைவனத்தில் மழை பெய்தபின் மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போல் திரள்வது. வளைகுடாவில் இருந்தவர்கள் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தமிழில் அதற்கெனத் தனிச்சொல் இல்லை. காளான் என்று மொழிபெயர்த்தார்கள்.

அந்தச் சாற்றையும் தனியாக விடுவதா, வேறு மருந்தோடு கலப்பதா என்று முன்னோர் கருத்து வேறுபட்டதை இப்னுல் கய்யிம் (ரஹ்) எழுதியுள்ளார்கள். ஹதீஸில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. பயன்படுத்தும் முறையில்தான் பேச்சு.

மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்பவரே பாதிப்புக்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழிதான், அபூதாவூதில் இருக்கிறது. சில காட்டுக் காளான்கள் தின்று பல மணி நேரம் ஒன்றும் காட்டாது, பிறகு ஈரலை அழித்துவிடும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

'நபிவழி மருந்து' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நபியின் பெயரையும் சேர்த்தே அனுப்புகிறோம். கண் போனால் அந்த வீட்டார் யாரைக் குறை சொல்வார்கள்?