துரத்துகிறவனின் தர்மம்

சைரன் ஊதிக்கொண்டு வரும் வண்டிக்கு நாம் ஒதுங்கி நின்று வழி விடுகிறோம். பெரிய மனிதர்களின் கார் வரிசைக்கு முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்குகிறவர்கள்கூட ஆம்புலன்ஸுக்கு முணுமுணுப்பதில்லை. உள்ளே யாரோ ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நம் மனம் தானாகவே ஒரு சித்திரம் எழுதிக்கொள்கிறது. இப்படி வழி விடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்று நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் பெரும்பாலோர் ஒதுங்கத்தான் செய்வார்கள். ஒரு நிமிஷத்தைப் பிச்சை கேட்கிற குரலுக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் அதே மாதிரிக் குரலோடு போலீஸ் வண்டியும் வருகிறது. அது ஒருவரைக் காப்பாற்றப் போகிறதா, ஒருவனைப் பிடிக்கப் போகிறதா என்பது குரலிலிருந்து தெரிவதில்லை. தெருவில் நிற்கிற நாம் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒதுங்குகிறோம். இரண்டும் ஒன்றுதானா என்று நாம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் எழுதி வைத்ததைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. அவசரமானால் எச்சரிக்கையோடு சிவப்பு விளக்கைத் தாண்டலாம், ஆனால் தாண்டுவதன் பொறுப்பு வண்டி ஓட்டுகிறவனுடையது என்ற பொருளில் லண்டன் தீயணைப்புப் படையில் ஓர் உத்தரவு இருந்தது. அப்போதைய சட்டமோ சிவப்பு விளக்கு யாருக்கும் சிவப்பு விளக்குத்தான் என்றது. சட்டத்தை மீறச் சொல்லும் உத்தரவு செல்லாது என்று சில தீயணைப்பு வீரர்கள் சொன்னார்கள். சிவப்பு விளக்கில் நிற்பேன் என்று வாக்குக் கொடுக்காத டிரைவரோடு வண்டியில் ஏறவே மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு டென்னிங் பிரபுவிடம் போயிற்று.

அவர் ஒரு காட்சியைக் கற்பனை செய்தார். ஏணி வண்டி ஒன்று வருகிறது. 200 கஜத்துக்கு அப்பால் ஒரு வீடு பற்றி எரிகிறது. மாடி ஜன்னலில் ஒரு மனிதன் தவித்துக்கொண்டு நிற்கிறான். சாலை நாலா பக்கமும் காலி. அந்தச் சமயம் பார்த்து விளக்கு சிவப்பாக மாறுகிறது. டிரைவர் பச்சைக்காகக் காத்திருக்க வேண்டுமா? காத்திருந்தால் அவன் உயிர் போய்விடும். சட்டப்படி பார்த்தால் தாண்டுவது குற்றந்தான். ஆனாலும் தாண்டுகிற டிரைவர்மேல் வழக்குப் போடக்கூடாது, அவனைப் பாராட்ட வேண்டும் என்றார் டென்னிங் பிரபு. உத்தரவும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பின்னாளில் அங்கே சட்டமே மாறி, அவசர வண்டிகள் பிறருக்கு ஆபத்தில்லாமல் சிவப்பைத் தாண்டலாம் என்றாகிவிட்டது.

இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது, எல்லோரும் எடுத்துச் சொல்கிற அந்தப் பாராட்டு அல்ல. 'சாலை நாலா பக்கமும் காலி' என்று அவர் நடுவில் சொன்னாரே, அதுதான். அதை எடுத்துவிட்டால் தீர்ப்பு நிற்காது. குறுக்கே ஒரு கிழவி காய்கறிப் பையோடு நடந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரைப் பாராட்ட முடியுமா? ஜன்னலில் நிற்கிறவனின் உயிருக்காகக் கிழவியின் உயிரை ஈடு வைக்க அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வேகமாக வருகிறது என்பதற்காக நெருப்பு வேகம் கூட்டுவதில்லை. ஓடுகிற மனிதன் கூட்டுகிறான். பின்னால் சைரன் கேட்கக் கேட்க அவன் கால் இன்னும் அழுத்துகிறது. அவன் அழுத்துவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவரும் அழுத்துகிறார். ஆம்புலன்ஸ் எதிர்கொள்கிற ஆபத்து அது கிளம்புவதற்கு முன்பே இருந்தது. துரத்தலில் உள்ள ஆபத்தில் ஒரு பங்காவது துரத்தலே பெற்றெடுத்தது.

அமெரிக்காவில் சாக்ரமெண்டோ என்ற ஊரில் 1990-ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிள் அதிவேகமாக வந்தது. ஓட்டியவனுக்கு 18 வயது, பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு 16. எங்கோ நடந்த ஒரு சண்டையை விசாரித்துவிட்டுத் திரும்பிய போலீஸார் நிற்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மோட்டார் சைக்கிள் இரண்டு போலீஸ் கார்களுக்கு நடுவே நுழைந்து ஓடியது. ஒரு கார் துரத்தியது. குடியிருப்புப் பகுதி, வேகம் மணிக்கு 100 மைல் வரை போயிற்று. நடுவில் இடைவெளி சில சமயம் 100 அடிதான். அந்த வேகத்தில் அந்தக் கார் நிற்பதற்கு 650 அடி வேண்டும் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். ஒரு மேட்டைத் தாண்டித் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. போலீஸ்காரர் பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன்மேல் மோதியது. அங்கேயே உயிர் போயிற்று. தொடக்கத்திலிருந்து முடிவு வரை 75 வினாடி. ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிக தூரம்.

இந்த 75 வினாடியை எட்டு வருஷம் விசாரித்தார்கள். 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்தப் பையனுடைய அரசியல் சட்ட உரிமை மீறப்படவில்லை என்றது. மனச்சாட்சியை அதிரவைக்கும்படி நடந்திருந்தால்தான் அப்படிச் சொல்லலாம்; பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தை விட்டு, கெடுதல் செய்ய வேண்டும் என்ற நோக்கம் இருந்திருந்தால்தான் மனச்சாட்சி அதிரும் என்றார்கள். போலீஸ்காரருக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை. வாஸ்தவம்தான், இல்லை. அவர் கெட்டவர் என்று நானும் நினைக்கவில்லை.

ஆனால் நாம் கேட்டு வளர்ந்த கதை வேறு மாதிரி. திருவாரூரில் அரச குமாரனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று தானாகத் துள்ளி வந்து விழுந்தது. அவனுக்கும் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. மந்திரிகள் பிராயச்சித்தம் போதும் என்றார்கள். மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட முடிவை நான் சட்டமாக்கச் சொல்லவில்லை, ஆண்டவன் காப்பாற்றட்டும்! நான் நினைப்பது வாசலில் தொங்கிய மணியைப் பற்றி. நோக்கம் எதுவாக இருந்தாலும், அடிபட்டது வாயில்லாப் பசுவானாலும், வந்து அடித்தால் அது ஒலித்தது. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு ஒரு நீதிபதி கிட்டத்தட்ட அந்த மணிக்குப் பதில் சொன்னார். 40 மைல் வேக எல்லையுள்ள சாலையில் 60 மைல் வேகத்தில் போன போலீஸ் மோட்டார் சைக்கிள், சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதிவிட்டது. வேக எல்லை போலீஸுக்கு இல்லாமல் போகலாம். ஆனால் பிறர்மேல் காட்ட வேண்டிய கவனம் எல்லோருக்கும் உள்ளதேதான் என்று அவர் தீர்த்தார். 2022-இல் அங்கே ஒரு புதுச் சட்டம் வந்தது. போலீஸ்காரர் அபாயகரமாக ஓட்டினார் என்று குற்றம் சாட்டினால், சாதாரண டிரைவரோடு அவரை ஒப்பிடக்கூடாது, அதே பயிற்சி பெற்ற கவனமான போலீஸ் டிரைவரோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறது அது. பயிற்சிக்கு மரியாதை கொடுப்பது நியாயந்தான். குறுக்கே வருகிற கிழவிக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் கிடையாது.

எங்கள் தொழிலையும் இங்கே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. தொடர்கதை எழுதுகிறவனுக்குத் துரத்தல் என்றால் வெல்லக்கட்டி. ஒரு வாரம் துரத்தவிட்டு, அடுத்த வாரம் மலைச்சரிவின் விளிம்பில் 'தொடரும்' போட்டுவிடலாம். வாசகர்கள் ஒன்று ஓடுகிற காரில் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது துரத்துகிற காரில். கவிழ்ந்துபோன பழ வண்டிக்காரனோடு ஒருவரும் உட்காருவதில்லை. அவன் சிரிப்புக்காகப் போடப்பட்டவன். 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓ. ஜே. சிம்ப்ஸன் என்ற பிரபல விளையாட்டு வீரர் ஏறிய வெள்ளைக் காரைப் போலீஸார் பின்தொடர்ந்தபோது, ஏறத்தாழ 9½ கோடிப் பேர் டெலிவிஷனில் பார்த்தார்களாம். அதுவும் நிதானமான வேகத்தில் போன ஊர்வலம்! துரத்தல் என்ற சொல்லுக்கே அவ்வளவு கவர்ச்சி.

நீதிபதிகளும் அதற்குத் தப்பவில்லையோ என்று ஒரு வழக்கைப் படித்தபோது தோன்றியது. ஜார்ஜியா மாகாணத்தில் 2001-ஆம் ஆண்டு, 55 மைல் எல்லையுள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் போன ஒரு 19 வயது இளைஞன் போலீஸுக்கு நிற்காமல் ஓடினான். கார் எண்ணை அவர்கள் குறித்துக்கொண்டாயிற்று. ஆனாலும் ஆறு நிமிஷம், சுமார் பத்து மைல் துரத்தினார்கள். கடைசியில் ஓர் அதிகாரி தம் காரால் பின்னாலிருந்து இடித்தார். கார் உருண்டது, இளைஞனின் கைகால்கள் செயலற்றுப் போயின. போலீஸ் காரிலிருந்த காமிரா எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஹாலிவுட் துரத்தல் போலப் பயங்கரமாக இருக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். 2007-இல் எட்டு நீதிபதிகள் அதிகாரியின் பக்கம். ஸ்டீவன்ஸ் என்ற ஒரே ஒருவர் மறுத்தார். துரத்தலை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும், பிறகு பிடித்திருக்கலாமே என்று அவர் கேட்டார். மற்றவர்கள் சொன்ன பதிலும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. நிறுத்தினால் அவன் வேகத்தைக் குறைப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும்படி ஓட்டினால் போலீஸ் விட்டுவிடும் என்று ஒரு விதி செய்தால், ஒவ்வொரு குற்றவாளியும் அப்படியே ஓட்டக் கற்றுக்கொள்வானே?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் சில நாள் தவித்தேன். நியூசிலாந்தில் 2020-இன் கடைசியில் துரத்தல் விதிகளை இறுக்கினார்கள். நிற்காமல் ஓடுகிறவர்களின் தொகை ஏறியது, 2023-இல் தளர்த்தினார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், சிலர் உயிரிழந்த பிறகு 2010-இல் இறுக்கினார்கள், 2017-இல் தளர்த்தினார்கள். ஆகவே, 'துரத்தாதே' என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கார் பறிகொடுத்தவர் அதைக் கொடுக்கிறார். சட்டத்துக்குப் பயந்து சிவப்பு விளக்கில் நிற்கிற நல்லவன், 'நான்தான் முட்டாளா?' என்று கேட்டுக்கொள்கிறான். இந்தக் கேள்வியும் ஒரு சமூகத்துக்கு நல்லதல்ல.

ஆனால் மறுபக்கத்து விலையையும் பார்க்க வேண்டும். 1996 முதல் 2015 வரை இருபது வருஷத்தில் அமெரிக்காவில் போலீஸ் துரத்தல்களை ஒட்டி 7,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது அந்த அரசாங்கமே போட்ட கணக்கு. சராசரியாக நாளுக்கு ஒருவர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓடிய வண்டிகளில் இருந்தவர்கள்; சாக்ரமெண்டோ பையனைப் போலப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் அதில் அடக்கம். மீதியில் போலீஸார் வெகு சிலர். மற்றவர்கள் எதிரே வந்தவர்கள், குறுக்கே போனவர்கள்.

விலைகளை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், கையில் துப்பாக்கியோடு அடுத்த வீட்டைத் தேடிப் போகிறான் என்றால் துரத்தத்தான் வேண்டும். அங்கே துரத்துகிற வண்டியும் ஆம்புலன்ஸ்தான். அதற்கு முன்னால் ஓர் உயிர் காத்திருக்கிறது. மற்றபடி, வேகமாகப் போனான், நிற்கச் சொல்லி நிற்கவில்லை, கார் திருடினான் என்பதற்காகவெல்லாம் குறுக்கே போகிறவரின் உயிரைச் சூதில் வைக்கக்கூடாது. 2023-இல் அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகளின் ஆய்வு அமைப்பு ஒன்றும் ஏறக்குறைய இதே யோசனையைச் சொன்னது. வன்முறைக் குற்றம் நடந்திருக்க வேண்டும். அவன் உடனே இன்னொன்று செய்வான் என்ற அபாயமும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் துரத்தலாம் என்றது.

பல ஊர்ப் போலீஸ் விதிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதை எழுதியவர் மனித சுபாவம் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். துரத்துகிறவர், ஏன் துரத்துகிறேன், எந்தச் சாலை, என்ன வேகம், எவ்வளவு ஜன நடமாட்டம் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதைக் கேட்கிற மேலதிகாரி எங்கோ ஓர் அறையில் நாற்காலியில் இருக்கிறார். அவர் நெஞ்சு படபடக்கவில்லை. அவரைப் பார்த்து யாரும் கேலியாகக் கை காட்டிவிட்டு ஓடவில்லை. அவர் 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போவது என்று அர்த்தமல்ல. சைரனையும் விளக்கையும் அணைக்க வேண்டும். சாதாரண வேகத்துக்கு வர வேண்டும். பல இடங்களில், அந்தச் சாலையை விட்டே வேறு சாலையில் திரும்பிவிட வேண்டும் என்றும் இருக்கிறது. 25 வயது போலீஸ்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கை இன்னும் நடுங்குகிறது. அரை பர்லாங் தூரத்தில் அவனுடைய பின்விளக்குகள் தெரிகின்றன. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் பிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் அவர் விசையைத் திருப்பி, இடது பக்கம் ஒரு சந்தில் வண்டியை விட வேண்டும். நாளை ஸ்டேஷனில் சகாக்கள் சிரிக்கலாம். பத்திரிகையில் 'போலீஸ் கோட்டை விட்டது' என்று வரலாம். அடுத்த நாற்சந்தியில் காய்கறிப் பையோடு சாலையைக் கடந்து போகிறவளுக்கு இப்படி ஒரு சங்கதி நடந்ததே தெரியாது.