காத்திருக்கும் வேலை

மகப்பேறு மருத்துவத்தில் பாதி வேலை காத்திருப்பதுதான். கத்தி, தையல், ஊசி, ஓட்டம் என்றே எங்கள் தொழிலை நினைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணின் அருகே உட்கார்ந்து, அவள் வயிற்றில் கை வைத்து, வலி ஏறி இறங்குவதை உள்ளங்கையால் உணர்ந்து, அரை மணிக்கொரு தரம் சிசுவின் துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வேறெதுவும் செய்யாமல் இருப்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். சும்மா இருப்பதுபோலத் தெரியும் அந்த நேரத்தில்தான் மருத்துவர் முழுதாக விழித்திருக்கிறார். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிய வேண்டும், விரியாவிட்டால் ஏதாவது செய் என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை என்னுடையது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகே பிரசவம் வேகம் பிடிக்கிறது. தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, மெதுவாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படுத்த வேண்டாம் என்றது. வீட்டில் பிரசவம் பார்த்த பாட்டிமார்களுக்கு இந்தப் பொறுமை இருந்தது. எந்த இடத்தில் பொறுமையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் தெரியாமல் போனது. அதனால் போன உயிர்களுக்குக் கணக்கில்லை.

சூலூரில் திருச்சி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் விசைத்தறிச் சத்தம். தலைக்கு மேலே விமானப்படைத் தளத்து விமானங்கள். என்னிடம் வருகிறவர்களில் தறி ஓட்டும் பெண்கள் உண்டு. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கணவனோடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. அந்தச் சதவீதத்துக்கு முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், வெளுத்த கண்ணிமையோடு என் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் காட்டுவேன்.

அதே ஆய்வில் பெருமைப்படவும் இருக்கிறது, கவலைப்படவும் இருக்கிறது. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் இதை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன்; தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. இதற்குக் காரணங்கள் பல. வயது, சர்க்கரை, முதல் குழந்தை சிசேரியன் என்று நியாயமானவை இருக்கின்றன. காத்திருக்க யாருக்கும் நேரமில்லை என்பதும் ஒரு காரணம். மருத்துவருக்கும் நேரமில்லை, குடும்பத்துக்கும் நேரமில்லை. போதாததற்கு ஜோசியர் வேறு.

"டாக்டரம்மா, நாள் குறிச்சுக் கொடுத்துட்டாருங்க. வர்ற வெள்ளிக்கெழம காலைல ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள எடுத்துட்டா நல்லதுங்களாமா."

கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண், கையில் கண்ணாடி வளையல் கலகலக்க, எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பேசுவது அவள் மாமியாரும் அம்மாவும். முப்பத்தேழு வாரம்தான் ஆகியிருக்கும். "இன்னும் நாளிருக்குதுங்க்கா. நுரையீரல் நல்லா முதிரட்டும். வலி வர்ற அன்னைக்கு வரட்டுமே" என்பேன். சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். இதைப் பக்தி என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையைக் கொடுப்பது சாமி என்று நம்புகிறவர்கள், எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று சாமிக்கே சொல்லி அனுப்புவது நம்பிக்கைக்குப் பொருந்தாத காரியம்.

நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிறவள் நம்பிக்கை இல்லாதவளோ என்று யாரும் எண்ண வேண்டாம். குலதெய்வத்தின் திருநீறு என் கைப்பையில் எப்போதும் இருக்கிறது. தியேட்டருக்குள் கை கழுவி நிற்கும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறேன். நல்லபடியாக முடிய வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. முடியாமல் போனால், வெளியே நிற்கும் அந்தக் குடும்பத்தின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசும் தெம்பையும் கேட்கிறேன். இரண்டாவது வேண்டுதல்தான் எனக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

ஒருமுறை, ஐம்பதை நெருங்கும் அம்மா ஒருவர் வந்தார். மாதக்கணக்கில் பெரும் உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டி, அறுவை செய்தாக வேண்டும். கோயிலில் பூ கேட்டதில் வேண்டாம் என்று வாக்கு வந்துவிட்டது என்றார்.

"எப்பங்க கேட்டீங்க?"

"தை மாசமுங்க."

"அப்ப உங்களுக்கு ரத்தம் ஒம்பது கிராம் இருந்துச்சு. இப்ப ஆறுக்கு வந்துருச்சு. சாமிகிட்ட இந்த ரிப்போர்ட்ட வெச்சு இன்னொருக்காக் கேளுங்க. இன்னைக்கே போய்க் கேளுங்க."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் காலையில், மருமகள் துணிப்பையோடு பின்னால் வர, அட்மிஷனுக்கு வந்து நின்றார். ரத்தம் ஏற்றி, ஒரு வாரம் கழித்து அறுவை செய்தோம். கோயிலில் என்ன பூ வந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் தெய்வமும் நானும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

காத்திருப்பது எப்போது பாவமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த வரலாறு ஒன்று உண்டு. திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவரான தகப்பனாரின் வீட்டுக்கு வந்திருந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, வேறுவேறு சமூகத்திலிருந்து வந்தார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடா மருத்துவம் படித்தவர் அல்ல. அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் மருத்துவர் எங்கள் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்கு வந்தார். 1918இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவரை அனுப்பியது அவருடைய விசுவாசம். அந்த மூன்று பெண்களைச் சாகவிட்டதும் நம்பிக்கை என்ற பெயரில் நடந்த ஒன்றுதான். நம்பிக்கையில் இந்த இரண்டு கூறும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மருத்துவமும் செய்ய முடியாது, கும்பிடவும் முடியாது.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தத் தலைமுறைப் பெண் மருத்துவர்கள் பலருக்கு, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்பதே நிலை. விடாமல் பிடித்தவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. இங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் "முத்துலட்சுமி பணம் ஏறிருச்சா?" என்ற கேள்வி காதில் விழும். அரசு தரும் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்; 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தவர். சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த திருமணம் அது. இரண்டு மகன்கள். 1925இல் மேற்படிப்புக்கு லண்டன் போனபோது கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். பெண்ணொருத்தியின் படிப்புக்காகக் குடும்பமே கடல் கடந்து போனது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. 1927இல் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கக் கிளம்பியபோது, மதத்தில் கை வைக்கிறாள் என்று எதிர்ப்பு வந்தது. இந்தக் கொடுமைக்கு மதத்தில் இடமே இல்லை என்று அவர் வாதாடினார். சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆயிற்று. அதற்கு முன்பே, அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்கு எந்த விடுதியும் இடம் தராதபோது, தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அதுதான் 1930இல் அவ்வை இல்லம் ஆனது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அன்றே விழுந்தது. 1952இல்தான் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. தங்கை போய் ஏறக்குறைய முப்பது வருஷம். அங்கே முதல் நாளிலிருந்து உழைத்தவர் அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவர் மகப்பேறு மருத்துவம் படித்த வி. சாந்தா. கூட்டம், சட்டமன்றம், இல்லம் என்று தாய் அலைந்த காலத்தில் வீட்டில் காத்திருந்து வளர்ந்த பிள்ளை, தாய் காத்திருந்த மருத்துவமனையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

தாய்மை, தொழில், பக்தி மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, முன்பெல்லாம் நேர நிர்வாகம் பற்றி ஏதாவது சொல்லிவைப்பேன். முத்துலட்சுமியின் வாழ்க்கையைப் படித்த பிறகு, கேள்வியே வேறாகத் தெரிகிறது. மூன்றும் மூன்று பாரங்கள் என்றால்தான் சமாளிக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றிலும் ஒரே வேலைதான் நடக்கிறது: நம் கையில் இல்லாத ஒன்றின் பக்கத்தில், கையைக் கட்டிக்கொள்ளாமல், விழிப்போடு காத்திருப்பது. காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெற்றியில் ஈரத்துணி மாற்றும் இரவும், ஏழு சென்டிமீட்டரில் நின்றுவிட்ட பிரசவத்தின் இரவும், பதில் வராத பிரார்த்தனையின் இரவும் எனக்கு ஒரே இரவாகத்தான் இருந்திருக்கின்றன. ஒன்றில் பழகிய பொறுமை மற்றதில் கை கொடுத்திருக்கிறது.

ஆனால் இதோடு நிறுத்தினால் அது பாதி உண்மை. நான் ஒரு பெண்ணுக்காகப் பிரசவ அறையில் காத்திருக்க வேண்டுமென்றால், எனக்காக வீட்டில் யாரோ காத்திருந்தாக வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தால் எனக்கு முன்னால் எழுவது என் அத்தை. நான் புடவை மாற்றுவதற்குள் சுக்குக் காப்பி வைத்து, கேட் திறந்து, டார்ச்சோடு வெளியே நிற்பார். "சாமி பாத்துக்கும், போயிட்டு வா கண்ணு." வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் நான் ஏற்றாத விளக்கை அவர் ஏற்றுகிறார், என் மகளின் தலையை அவர் பின்னுகிறார். மகள் சின்னவளாக இருந்தபோது போனில் "எப்ப வருவீங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் கேள்வி மாறியது. "அம்மா, பாப்பா வந்துருச்சா?" யாரோ ஒருத்தியின் குழந்தைக்காக அவளும் விழித்திருந்தாள். "இன்னும் இல்ல சாமி, நீ தூங்கு" என்று சொல்லும்போது, அந்தப் பிரசவத்தில் அவளுக்கும் பங்கு உண்டு என்று எனக்குத் தெரிந்தது. என் பொறுமை என்று ஊர் மெச்சுவது என் வீட்டாரிடம் நான் வாங்கிய கடன்.

அந்தக் கடன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எனக்கு அத்தை இருக்கிறார், சம்பாதிக்கும் கணவர் இருக்கிறார், வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடிகிறது. என்னோடு அதே ராத்திரி, அதே பெண்ணின் கையைப் பிடித்து நிற்கும் செவிலியருக்கு? வெயிலில் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் கிராம சுகாதார செவிலியருக்கு? 2021இலிருந்து தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு பன்னிரண்டு மாதம். நல்ல காரியம். அதே வார்டில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் செவிலியர்கள் அந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு பலன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. பகலில் திறந்திருக்கும் காப்பகம், ராத்திரி ஷிப்டுக்கு வரும் தறிக்காரப் பெண்ணுக்கும் நர்ஸுக்கும் எதற்கு ஆகும்?

மார்ச் மாதம் வந்தால் பெண் மருத்துவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த நம் ஊரில் நிறைய அமைப்புகள் இருக்கின்றன. அன்பாக அழைக்கிறார்கள், போகிறேன். இந்த முறை போகும்போது ஒன்று கேட்கப் போகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை திறந்திருக்கும் ஒரு காப்பகம். பெரிய கட்டடம் வேண்டாம். பத்துப் பாய், கொசுவலை, பால் காய்ச்ச அடுப்பு, சம்பளத்துக்கு இரண்டு ஆயாக்கள். இடம் யார் தருகிறார்கள், ஆயாக்களின் சம்பளத்துக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்று மேடையிலேயே கேட்டுவிடுவேன்.