முயலுக்கு எந்தத் தோட்டா?

என்.சி.சி. முகாமில் சுட்டுப் பழகியவர்களுக்கு ‘பாயின்ட் டூ டூ’ ரைபிளைத் தெரிந்திருக்கும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அதன் தோட்டாவைத்தான் பிரிட்டனில் முயல் சுடப் போகிறவர்களும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைக் கொல்வது குற்றம். அங்கே நிலைமை வேறு. வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பிய முயல், குளிர்காலக் கோதுமையை இளம்பயிராக இருக்கும்போதே மேய்ந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம் வைத்திருப்பவர் முயலைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பதற்கு 1954-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சுட்ட முயல் சமையலுக்கும் போகிறது. ஆக, சுடுவதா வேண்டாமா என்பதைவிட, எதைக் கொண்டு சுட்டால் அந்த உயிர் துடிக்காமல் போகும் என்பதே அங்கே பொறுப்புள்ளவர்கள் கேட்கும் கேள்வி.

முதலில் தோட்டாவின் அமைப்பு. பித்தளைக் கூட்டின் அடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு இருக்கும். அதன் உள்மடிப்பில் பற்றவைக்கும் மருந்து பூசியிருப்பார்கள். ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கியதும் அது பற்றி, உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். ரிம்ஃபயர் என்ற பெயர் இதனால்தான். விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. எனவே இந்த இனத்துத் தோட்டாவின் வலிமைக்குத் தொடக்கத்திலேயே ஒரு வரம்பு விழுந்துவிடுகிறது. 1887-இல் அமெரிக்காவில் பிறந்த .22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா இன்றும் பெரும்பாலும் 2.6 கிராம் ஈயக் குண்டைத்தான் சுமக்கிறது.

கடையில் இது வேகத்தை வைத்து இரண்டு வகையாகக் கிடைக்கும். ‘ஹை வெலாசிட்டி’ குண்டு குழலை விட்டு வினாடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ‘சப்சோனிக்’ குண்டின் வேகம் சுமார் 320 மீட்டர். ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. புதிதாக வாங்குபவர் வேகமானதையே கேட்பார். கணக்கும் அவர் பக்கம் நிற்பது போலத் தோன்றும்: முதல் குண்டின் ஆற்றல் ஏறக்குறைய 190 ஜூல், இரண்டாவதற்கு 135 ஜூல்தான். ஆனால் ஒன்றரைக் கிலோ எடையுள்ள முயலின் தலையில் சரியாகப் பட்டால் 135 ஜூலே தாராளம். மிச்ச ஆற்றலால் முயலுக்கும் பயனில்லை, சுடுபவருக்கும் பயனில்லை. அந்தக் கூடுதல் வேகத்துக்குக் கொடுக்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று, சத்தம். குழல் முனையில் மாட்டும் சைலன்சர், வெளியேறும் வாயுவின் வெடியோசையைத்தான் அடக்கும். ஒலியை முந்திப் பறக்கும் குண்டு வழிநெடுகச் சொடுக்கிக்கொண்டே போவதை எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. அங்கே முயல் வேட்டை பெரும்பாலும் இரவில், விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. சப்சோனிக் குண்டானால் ஒரு முயல் சாய்ந்த பிறகும் பக்கத்து முயல்கள் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்வதுண்டு.

இன்னொன்று காற்று. வேகமான குண்டைப் பக்கக் காற்று குறைவாகத் தள்ளும் என்றுதான் யாரும் நினைப்போம். இந்தத் தோட்டாவில் நடப்பது அதற்கு எதிர். காற்று ஒரு குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றின் தடை செங்குத்தாக ஏறும். வேகமான குண்டு அந்தத் தடையில் மாட்டி, பறக்கும்போதே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. சப்சோனிக் குண்டு அந்த எல்லைக்குக் கீழேயே கிளம்புவதால் இழப்பு குறைவு. 100 மீட்டரில், ஒரே காற்றில், வேகமான குண்டுதான் அதிகம் விலகும். பந்தயத்தில் காகித இலக்கைச் சுடுபவர்கள் வேகம் குறைந்த தோட்டாவையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெதுவான குண்டுக்கு ஒரு குறை உண்டு: அது வளைந்து விழும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைபிள், 100 மீட்டரில் 15 செ.மீ.க்கு மேல் தாழ்ந்து சுடும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால், தலைக்கு வைத்த குறி மார்பில் படும், இல்லையென்றால் காலில்.

குண்டின் மூக்கு எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். உருண்டை மூக்குள்ள முழு ஈயக் குண்டு உடலை ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும். அடிபட்ட முயல் வளைக்குள் ஓடி, அங்கே யார் கண்ணுக்கும் படாமல் மெதுவாகச் சாகும். மூக்கில் குழி உள்ள ‘ஹாலோ பாயின்ட்’ பட்டதும் விரிந்து, தன் ஆற்றலை உடலுக்குள்ளேயே விட்டுவிடும். எல்லா ஹாலோ பாயின்டும் குறைந்த வேகத்தில் விரிவதில்லை. அதனால் எலே, வின்செஸ்டர், சி.சி.ஐ. போன்ற நிறுவனங்கள் சப்சோனிக் வேகத்துக்கென்றே மென்மையான ஈயத்தில் செய்பவற்றைத் தேடி வாங்க வேண்டும்.

ஆபத்து ஒன்றையும் மறைக்கக் கூடாது. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திப் போவது போல, மெதுவான ஈயக் குண்டு இறுகிய தரையிலோ கல்லிலோ பட்டுத் தெறித்து எங்கோ போகும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விசையில் விரலை வைக்கவே கூடாது.

இந்த இடத்தில்தான் 2002-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த .17 ஹெச்.எம்.ஆர். தோட்டா முன்னே வருகிறது. 1.1 கிராம் எடையுள்ள அதன் குண்டு வினாடிக்கு 777 மீட்டர் வேகத்தில் பறந்து, பட்ட இடத்தில் சிதறிவிடும், தெறிப்பது அரிது. திறந்தவெளியில் பகலில் 120 மீட்டர் தள்ளி உட்காரும் முயலுக்கு இதுவே சரி என்பேன். ஆனால் உடம்பில் பட்டால் இறைச்சி பாழ், சத்தம் பெரிது, விலையும் பல மடங்கு.

ஈயம் பற்றிய கவலை தனி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அதற்காக வந்த செம்புக் குண்டு 1.36 கிராம்தான், வேகமோ வினாடிக்கு 560 மீட்டருக்கு மேல். ஆகவே சப்சோனிக்கின் அமைதி அதில் கிடைக்காது.

இவ்வளவும் பார்த்து ஒரு பெட்டியைத் தேர்ந்தாலும், முடிவு சொல்வது ரைபிள்தான். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலையில், 50 மீட்டரில், தாங்கி வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழலுக்குள் பழைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு மாற வேண்டும். பிறகு ஐந்தைந்தாகச் சுட்டு, குண்டுகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பார்க்கலாம். முயலின் கண்ணுக்கும் காதின் அடிக்கும் இடைப்பட்ட இடம் 3 செ.மீ. அகலம்தான். ஐந்தும் அதற்குள் விழும் வகையைக் கண்டுபிடித்தால், பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஒரு பருவத்துக்கானதை மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. அடுத்த லாட் மாறலாம். பிறகு இலக்கைப் பத்துப் பத்து மீட்டராகத் தள்ளி வைத்துச் சுட வேண்டும். குண்டுகள் அந்த 3 செ.மீ.யைத் தாண்டிச் சிதறத் தொடங்கும் தூரம் எதுவோ, அதற்கு முன்னால் உள்ள குறிதான் அந்த ரைபிளும் அந்தத் தோட்டாவும் அந்தக் கையும் சேர்ந்து முயலைச் சுடலாம் என்ற தூரம். பலருக்கு அது 60, 70 மீட்டரில் நிற்கும்.