முதல் பெட்டி

டெல்லி மெட்ரோவில் வண்டி ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. 2010 அக்டோபரில் வந்த ஏற்பாடு. அலுவலக வேலையாக ஒரு வாரம் அங்கே இருந்தபோது, நடைமேடையின் கோடிவரை அந்தப் பெட்டியைத் தேடி நடந்ததுதான் என் உடற்பயிற்சி. உள்ளே பெண்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள், வாய்பிளந்து தூங்குகிறார்கள். பொது இடத்தில் தூங்குவது ஆண்களுக்குச் சாதாரணம். நமக்கு அதற்கென்று ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது.

ஒருநாள் அவசரத்தில் நடுப்பெட்டியில் ஏறினேன். முன்னால் லேடீஸ் கோச் இருக்கிறதே என்றார் ஒருவர், இந்தியில், மிகுந்த அக்கறையோடு. எட்டுப் பெட்டி வண்டியில் ஒன்று நமக்கென்றால் மீதி ஏழும் அவர்களுடையது என்பது அவர் கணக்கு. எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. நான் நகரவில்லை.

அதற்காக அந்தப் பெட்டியை எடுத்துவிடலாமா? கூடாது. இரவில் தனியாக வீடு திரும்புகிறவளிடம், சமத்துவம் வரும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பாதுகாப்பு நமக்கான வசதி. நம்மேல் சுமத்திய கடமை அல்ல. அதைப் பயன்படுத்தாதவள்மேல் பழி விழும்போது வசதியே வேலியாகிவிடுகிறது. முதல் பெட்டியும் நமக்கு வேண்டும். மற்ற ஏழும் வேண்டும்.