பாயும் துடைப்பமும்

பெங்களூரில் பொழுது விடிகிற வேளையில் பூங்காக்களில் பாய் விரிகிறது. மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, உள்ளத்து அழுக்கைக் கழுவ முயல்வோர் அங்கே அமர்கிறார்கள். அதே வேளையில் மதிலுக்கு வெளியே பௌரகார்மிகர்கள் தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகரின் துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். பெரும்பாலோர் தலித் பெண்கள். யோகமும் பக்தியும் மனிதரைத் தூய்மையாக்கும் என்றால், அந்தத் தூய்மை மதிலைத் தாண்ட வேண்டுமா?

வேண்டியதில்லை என்போரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. யோக சாதனை ஒருவர் தமக்குள் செய்யும் வேலை. தம் சினத்தோடு மல்லுக்கட்டுகிறவரிடம் ஊர்க்கணக்கைக் கேட்பது முறையா என்கிறார்கள். கோலார்ச் சீமையின் பெல்லூரில் 1918-இல் பிறந்த யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார், நோயால் நலிந்த தம் உடலை ஆசனத்தால்தான் மீட்டார். உடலில் தொடங்கி உள்ளே போகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

ஆனால் யோகத்துக்குப் பதஞ்சலி வகுத்த எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. முதலில் நிற்பது இயமம்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை. எதிரே இன்னொரு மனிதர் இல்லாமல் இவற்றில் பலவற்றைக் கடைப்பிடிக்கவே இயலாது. தூய்மையைக் குறிக்கும் சௌசம் அதற்குப் பிறகு, நியமத்தில்தான் வருகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும் திருமூலரும் இயமத்தையே முன்வைக்கிறார். முதற்படியை விட்டுவிட்டு மூன்றாம் படியில் ஏறி நிற்பவர் எதைக் கழுவுகிறார்?

பக்தியின் வரலாறு இன்னும் கசப்பானது. ஆடலரசனின் கூத்தைப் பதஞ்சலி கண்டதாக மரபு போற்றும் ஊர் தில்லை. அதே தில்லையில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட நந்தனார் நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் போக முடிந்தது என்கிறது பெரியபுராணம். அவருடைய பக்தியில் என்ன அழுக்கு இருந்தது? சிலரை உயர்த்திய தூய்மை என்ற சொல்லே வேறு சிலரை வாசலில் நிறுத்தியது. அந்தக் கறை இருக்கும்வரை நீராடல், நோன்பு, தியானம் எதுவும் தூய்மைக்குப் போதாது. தனக்கான தூய்மை மட்டும் போதும் என்ற வாதம் இங்கேதான் தோற்கிறது. ஒருவர் தூயவராகத் தோன்ற, இன்னொருவர் அழுக்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

2022 ஜூலையில் பெங்களூரின் பௌரகார்மிகர்கள் பணி நிரந்தரம் கேட்டு, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுதந்திரப் பூங்காவில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது அருள் அல்ல, வேலைக்குரிய உரிமை.

காலையில் பாயைச் சுருட்டியதும் ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்து வையுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, தனியே கொடுங்கள். எடுக்கும் கை கிழிபடக் கூடாது. குப்பை எடுக்க வாசலில் நிற்கும் அம்மா தண்ணீர் கேட்டால், வீட்டில் நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள்.