யாருக்காக?

சூலூரில் என் நண்பர் ஒருவர் விசைத்தறி வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, மருந்தால் அடங்கியது. இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது நோய் திரும்பிவிட்டது.

முதல் முறை உறவெல்லாம் திரண்டு வந்தது. இரண்டாம் முறை வருகிறவர்கள் குறைவு. ஆறுதல் மொழிகள் முன்பே செலவாகிவிட்டன அல்லவா? நண்பர் மட்டும் சோரவில்லை. தலைமாட்டில் தெர்மாமீட்டர், வாசலருகே கட்டி வைத்த துணிப்பை. கடும் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சிறு காய்ச்சலும் ஆபத்து. நள்ளிரவானாலும் கோவைக்கு விரைய வேண்டும். நோய் மறுபடி அடங்கினால் எலும்பு மஜ்ஜை மாற்றச் சொல்கிறார்கள். உடன்பிறந்த ஒருவருடையது முழுதும் பொருந்த, நாலில் ஒரு வாய்ப்புத்தான். தங்கை வந்து சோதனைக்கு இரத்தம் கொடுத்துப் போயிருக்கிறாள்.

"தோட்டத்தை வித்தாவது பார்த்துருவேனுங்க. எல்லாம் அவளுக்காகத்தானே?" என்றார் நண்பர்.

அவர் காபி கொண்டுவர உள்ளே போனபோது அந்த அம்மையார் மெல்லச் சொன்னார்: "எனக்கு அலுத்துப் போச்சுங்ணா. வேண்டாம்னா அவரு தாங்க மாட்டாரு. அவருக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

மனைவிக்காகக் கணவர், கணவருக்காக மனைவி. அப்படியானால் அந்தச் சிகிச்சை யாருக்காக?

மறுபடி போராடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. 1948-இல் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்நோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்து கொடுத்த விவரத்தை வெளியிட்டார். அதை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். 10 குழந்தைகள் தேறினார்கள். ஆனால் அது தற்காலிகமாகத்தான். அந்தக் கொஞ்ச காலம் வீணா? எழுந்து விளையாடிய பிள்ளையைக் கண்ட தாய் அப்படிச் சொல்ல மாட்டாள். அங்கே திறந்த வழியால்தான் இன்று, நல்ல சிகிச்சை கிடைத்தால், குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்கு, அதுவும் திரும்பி வந்த நோய்க்கு, வழி கரடுமுரடானது, ஆனால் அடைபட்டுவிடவில்லை.

ஆகையால், போராடலாமா என்பதல்ல என் கேள்வி. போராட வேண்டியவரைக் கேட்டோமா என்பதே. நோயாளிக்கு ஊசி போடுமுன் கையை நீட்டச் சொல்கிறோம். அவர் மனத்தை மட்டும் கேளாமலே எடுத்துக்கொள்கிறோம். அன்பு இருப்பதால் கேட்கத் தேவையில்லை என்று எண்ணுகிறோம். அன்பு இருப்பதால்தான் கேட்க வேண்டும். தானே விரும்பி ஏற்ற துன்பத்துக்கும், பிறர் மனம் நோகாமலிருக்கச் சுமந்த துன்பத்துக்கும் எவ்வளவோ வேற்றுமை உண்டு.

விடைபெறும்போது, அம்மையார் சொன்னதைச் சொல்லாமல், "ஒருநாள் உட்கார்ந்து அவரையே கேளுங்கள்" என்றேன்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாம்னு சொல்லிட்டா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவர் வாயைக் கட்டியிருந்தது அந்த ஒரு பயம். அந்தப் பயத்தை அவர்தாம் சுமக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர் அல்ல.